பண்ணை வீட்டில் பாலில்லாத சூப்

எல்ம்ரிட்ஜ், விஸ்கான்சின்
செப்டம்பர் 5

அன்புள்ள ட்ரூடி,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். அப்பா நன்றாக இருக்கிறார். எண்பத்தொரு வயதிலும் தீவனம் அள்ளும் விதத்தில் என்னைக் குறை சொல்கிறார். போக இருந்தவன் நான்தான். ஆகஸ்டில் நெஞ்சுக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட்டார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண். "பால், வெண்ணெய், சீஸ், இறைச்சி எல்லாத்தையும் அடியோட விட்டுட முடியுமா உங்களால?" என்று கேட்டாள். "நான் என்ன தொழில் பண்றேன்னு தெரியுமா?" என்றேன். "தெரியும். அதனாலதான் கேக்கறேன்" என்றாள்.

எழுபது மாடு கறக்கிறேன், ட்ரூடி. கூட்டுறவுப் பால் சங்கத்துக்கு இந்த வருடம் நான்தான் தலைவர். இதை எங்கே போய்ச் சொல்வேன்? கோனி என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பன்றிக்கொழுப்பும் வெண்ணெயும் இல்லாமல் முட்டைக்கோஸைக்கூட வதக்க அறியாதவள், பாவம், அவள் என்ன செய்வாள்? மூன்று வாரமாக வேகவைத்த உருளைக்கிழங்கும் ஆப்பிளும் தின்கிறேன். பாலும் இறைச்சியும் தொடாமல் சமைத்துச் சாப்பிடுகிறவள் என்று எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான்.

ஆறு வருடம் ஒரு வார்த்தை பேசாதவன் காரியம் ஆகவேண்டியதும் எழுதுகிறானே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுவோம், அதனால்தான் கடிதம். காலை நாலரைக்கும் மாலை நாலுக்கும் கறவை. நடுவில் கிடைக்கும் நேரத்தில் செய்யக்கூடியதாக ஏதாவது சொல். அப்பாவுக்குத் தெரியவேண்டாம்.

உன் அண்ணன்,
வெண்டல்

மினியாபொலிஸ்
செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை நாலு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஓட்டினேன். நீ பிழைத்திருப்பதில் சந்தோஷம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதி எல்லாம் கோபத்தில் வரும்.

அந்த நன்றித் திருநாள் விருந்தை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. பதினாலு பேர் முன்னால் நான் எனக்கென்று கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைப் பார்த்து அப்பா, "இந்த மேசையில இருக்கறதச் சாப்பிடறவங்க மட்டும் இங்க உக்காந்தா போதும்" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ குழம்புக் கிண்ணத்தைப் பக்கத்திலிருந்தவருக்குத் தள்ளிக்கொண்டிருந்தாய். என் சாப்பாட்டைக் காரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினேன். அப்பா சொன்னதைவிட நீ சும்மா இருந்ததுதான் எனக்கு வலித்தது.

சரி, சமையல். எனக்கும் நேரம் கிடையாது. விடிவதற்கு முன் முதல் பஸ், நடுவில் மூன்று மணி நேரம் இடைவெளி, மறுபடி மாலை நெரிசல். கடைசி நிறுத்தத்தில் பதினோரு நிமிடம் கிடைக்கும். அதில் கழிவறைக்கும் போகவேண்டும், சாப்பிடவும் வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டே இரண்டு பெரிய பானை வைப்பேன். ஒன்றில் பயறு வகை, ஒன்றில் சூப். ஆறு டப்பாக்களில் அடைத்து, மேலே காகித டேப் ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதி ஃப்ரீசரில் வைப்பேன். எழுதாவிட்டால் உறைந்தபின் எல்லாம் ஒரே செங்கல். காலையில் ஒன்றைச் சூடாக்கித் தெர்மாஸில் ஊற்றினால் மதியம் வரை சூடு நிற்கும்.

நொறுக்குத் தீனிக்கு: வேகவைத்த கொண்டைக்கடலையைத் துணியில் நன்றாகத் துடைத்து, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டி ஓவனில் நாற்பது நிமிடம். துடைக்காமல் போட்டால் மொறுமொறுப்பு வராது. ஓட்ஸ், பேரீச்சம்பழம், வேர்க்கடலை வெண்ணெய் மூன்றையும் பிசைந்து உருட்டியும் வைத்துக்கொள். வேர்க்கடலை வெண்ணெயில் வெண்ணெய் கிடையாது, பயப்படாதே.

அப்பாவிடம் சொல்லமாட்டேன். அவரிடம் பேசினால்தானே சொல்வதற்கு?

ட்ரூடி

எல்ம்ரிட்ஜ்
செப்டம்பர் 27

அன்புள்ள ட்ரூடி,

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

நம் ஊர்க் கடையில் ஓட்ஸ் பால் வாங்கினால் கல்லாவில் இருக்கும் பெவ் சாயங்காலத்துக்குள் சங்கம் முழுக்கத் தந்தி அடித்துவிடுவாள். அதனால் நாற்பது மைல் தள்ளிப் போனேன். அங்கே அதே வரிசையில் நின்றது யார் என்று நினைக்கிறாய்? நம் பாலை ஏற்றிப்போகும் டாங்கர் வண்டி ஓட்டும் டுவெய்ன்! ஓட்ஸ் பாலை நாய்த் தீவனப் பைக்கு அடியில் ஒளித்துவிட்டு வானிலையைப் பற்றிப் பேசினேன். வீட்டுக்கு வந்துதான் ஞாபகம் வந்தது, நம்மிடம் இப்போது நாய் இல்லை.

கொண்டைக்கடலையைக் கறவைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். துணி துவைக்கும்போது கோனி கண்டுபிடித்துவிட்டாள். "என்னய்யா இது, கோழிக்கா வச்சிருக்க?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ஒரு கை அள்ளிப்போட்டு மென்றுவிட்டு, "உப்பு பத்தல" என்று சொல்லிப் போய்விட்டாள்.

போன ஞாயிறு நானே ஒரு ஹாட்டிஷ் அடுக்கி ஓவனில் சுட்டேன். தட்டில் பருப்பு, பச்சை பீன்ஸ், இரண்டு டப்பா காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டை வரிசை. ஒரு துளி பால் சேர்க்கவில்லை. அம்மா செய்வது போலவே வந்தது. நான்கு நாள் அதையே சாப்பிட்டேன். பெருமையாக இருந்தது.

வெண்டல்

மினியாபொலிஸ்
அக்டோபர் 3

என் அருமை அண்ணா,

அந்தக் காளான் சூப் டப்பாவைத் திருப்பிப் பின்னால் எழுதியிருப்பதைப் படி. படித்தாயா? க்ரீம். அதற்கடுத்து பால் பவுடர். நான்கு நாள் க்ரீமைச் சாப்பிட்டுவிட்டுப் பெருமை வேறு! மாடு வைத்திருப்பவனுக்கே தன் பால் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

பஸ் டிப்போவில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். உன்னைக் குறை சொல்லி என்ன, நம் ஊரில் யாருமே அந்த டப்பாவைச் சாப்பாடு என்று நினைப்பதில்லை. ஹாட்டிஷ் உடையாமல் இருக்கப் பூசும் பசை அது. நானும் முதல் வருடம் அதே தப்பைச் செய்தேன், யாரிடமும் சொல்லாதே.

பசைக்குப் பதில் இதோ. முந்திரியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, புதுத் தண்ணீர் விட்டு மையாக அரை. விரலில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது. இனி காட்டரிசி சூப், நம் ஏரிகளில் விளையும் அந்தக் கறுப்பு அரிசிதான். வெங்காயம், கேரட், செலரி, காளான் நான்கையும் எண்ணெயில் நிதானமாக வதக்கு. காளான் தண்ணீர் விட்டு, அது வற்றி, பழுப்பாகும்வரை பொறு. காய்கறி வேகவைத்த தண்ணீரில் காட்டரிசியைத் தனியாக வேகவிடு. அரிசி வெடித்துச் சுருண்டால் பதம். எல்லாம் சேர்ந்தபின் முந்திரி விழுதைக் கலந்து, இறக்கும்போது அரை எலுமிச்சை. கொதிக்கவிடாதே, திரிந்தது போலாகிவிடும்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்கு நானும் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. அப்பா அதைச் சொல்வதற்கு முன், கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பதைப் பற்றி நான் பேசினேன். சாப்பாட்டுத் தட்டு முன்னால், அவர் வாழ்நாள் உழைப்பை, விருந்தாளிகள் நடுவில். நான் நினைப்பது மாறவில்லை. ஆனால் அதை அங்கே அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரையை மறக்காதே.

உன் தங்கை,
ட்ரூடி

எல்ம்ரிட்ஜ்
அக்டோபர் 22

அன்புள்ள ட்ரூடி,

வெற்றி! நேற்றுத் தேவாலயத்தில் அறுவடை விருந்து. எண்பது பேருக்கு ஆளுக்கொரு பண்டம் செய்து எடுத்துப் போவோமே, அதற்கு உன் சூப்பைப் பெரிய பானையில் வைத்தேன். முந்திரியை மூன்று தவணையாக அரைத்தேன். கறவை முடிந்து வந்து கிளறி, மறுபடி கொட்டகைக்கு ஓடி, மறுபடி வந்து கிளறி, கோனி பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

முதலில் காலியான பானை நம்முடையதுதான். அப்பா இரண்டு கிண்ணம் குடித்தார். பாதிரியார் மனைவி கோனியிடம், "என்னம்மா போட்ட, இவ்ளோ கெட்டியா இருக்கு?" என்று கேட்டாள். கோனி என்னைப் பார்த்தாள். அப்பா முந்திக்கொண்டு, "எங்க மாட்டு க்ரீமு. கடையில விக்கற தண்ணிப் பால்ல இது வருமா?" என்றார். சுற்றி எல்லோரும் சங்கத்து ஆட்கள். "ஆமா, கோனியோட கைப்பக்குவம்" என்று நானும் சொல்லிவைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அடக்கி அடக்கிச் சிரித்தேன். உன் சமையலை அப்பா மெச்சிவிட்டார், பார்த்தாயா?

வெண்டல்

மினியாபொலிஸ்
அக்டோபர் 29

வெண்டல்,

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில், எண்பது பேரில் முந்திரி ஒத்துக்கொள்ளாத குழந்தை ஒன்று இருந்திருந்தால்? க்ரீம் என்று நம்பித்தானே ஊட்டியிருப்பார்கள்? உன் வெட்கத்துக்காக ஒரு உயிர் போயிருக்கும். பானைக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதம் வைக்க உனக்குத் தைரியம் இல்லை.

இரண்டாவது, அப்பா என் சமையலை மெச்சவில்லை. தன் மாட்டை மெச்சினார். மாட்டின் பெயரும் கோனியின் பெயரும் வந்தன. என் பெயர் வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் நீ சும்மா இருந்தாய், அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை நீ வாயைத் திறந்தாய், திறந்து என்னை மறைத்தாய். சாப்பாடு உள்ளே வரலாம், நான் வரக்கூடாது, அப்படித்தானே?

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அது யாருடைய சமையல் என்று அதே அப்பாவிடம், அதே மேசையில் சொல். சொல்ல முடியாது என்றால் இனி எழுதாதே. உனக்கு வேண்டிய குறிப்பெல்லாம் நூலகத்தில் புத்தகமாகக் கிடைக்கும்.

ட்ரூடி

எல்ம்ரிட்ஜ்
நவம்பர் 25

அன்புள்ள ட்ரூடி,

நாலு வாரம் எழுதவில்லை. எழுதத் தகுதி வரட்டும் என்று இருந்தேன்.

முந்திரி விஷயம் படித்த அன்றே பாதிரியாரைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் அறிவித்துவிட்டார். நல்ல வேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அப்பா அன்று இருமலோடு வீட்டில் இருந்தார். அவர் காதில் போட ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அது என் வேலை என்று விட்டுவிட்டார்கள் போல.

வியாழக்கிழமை நன்றித் திருநாள் விருந்தில் பன்னிரண்டு பேர். நீ சொன்ன சூப்பைக் காய்ச்சி மேசை நடுவில் வைத்தேன். அப்பா கரண்டியை எடுத்தார். நான் எழுந்து நின்றேன்.

"அப்பா, நீங்க அன்னிக்கு ரெண்டு கிண்ணம் குடிச்சது ட்ரூடியோட சூப்பு. சொட்டுப் பால் கெடையாது. ரெண்டு மாசமா அவ சொல்லிக்கொடுத்ததத்தான் நானும் சாப்பிடறேன். இதே மேசையிலேருந்து அவள எழுப்பி விட்டீங்க, நான் வாயத் தொறக்கல. அது தப்பு."

"பால் வித்துத்தான்டா இந்த வீடு நிக்குது" என்றார்.

"தெரியும்ப்பா. நாளைக்கும் நான்தான் கறப்பேன். அதுக்காக அவ இங்க உக்காரக் கூடாதுன்னு இல்ல."

அவர் கரண்டியை வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். மாடுகளைப் பற்றித் தவிர இன்றுவரை என்னிடம் எதுவும் பேசவில்லை. சங்கத்திலும் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டுவெய்ன் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, முந்திரியை எவ்வளவு நேரம் ஊறப்போட வேண்டும் என்று கேட்டான்.

எனக்குக் கொள்கையெல்லாம் பேச வராது. நான் பால்காரன், அப்படியேதான் இருப்பேன். நீ நினைப்பதெல்லாம் நானும் நினைக்கிறேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் நீ என் தங்கை என்பதை ஆறு வருடம் சபையில் சொல்லாமல் இருந்தேன். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

இந்த வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரவில்லை. மேசை தயாராகவில்லை. அதனால் நான் வருகிறேன். இருபத்திரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரிக்காக அல்லாமல் ஒரு வேளை கறவையைக்கூட விட்டுவிட்டு நான் எங்கும் போனதில்லை. டிசம்பர் மூன்றாம் தேதி மாலைக் கறவைக்குப் பக்கத்துப் பண்ணை லெஸ்டர் வருவதாகச் சொல்லிவிட்டான். மதியம் பன்னிரண்டுக்கு உன் வாசலில் நிற்பேன். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, வரமாட்டேன்.

உன் அண்ணன்,
வெண்டல்

மினியாபொலிஸ்
நவம்பர் 29

அன்புள்ள அண்ணா,

மூன்றாம் தேதி ஞாயிறு எனக்கு ஒன்றேகால் வரை பஸ் இருக்கிறது. விடுப்புக் கேட்டேன், கிடைக்கவில்லை. சாவியைப் பக்கத்து வீட்டு ஃபடூமாவிடம் கொடுத்து வைக்கிறேன், சொல்லியும் வைக்கிறேன். காரைத் தெருவின் வலப்பக்கம் நிறுத்து, இல்லையென்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உள்ளே வந்ததும் குளிர்பெட்டியைத் திற. காய் நறுக்கி வைத்திருப்பேன், முந்திரி ஊறிக்கொண்டிருக்கும். எதற்கு, எப்படி என்று எழுதவில்லை. உனக்குத் தெரியும்.

இந்த வீட்டுக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. நம் வீட்டு ஆள் ஒருவர்கூட இங்கே வந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா, சந்தோஷத்தில் வரும் பயம். கிண்ணங்கள் மேல் அலமாரியில் இருக்கின்றன. இரண்டு எடுத்து வை.

நான் வர இரண்டு மணி ஆகிவிடும். பசித்தாலும் முன்னாடியே சாப்பிட்டுவிடாதே. எனக்காகக் காத்திரு.

உன் தங்கை,
ட்ரூடி