குரலுக்கு ஒரு ஊசி

ஓசூர், டிசம்பர் 1968, வெள்ளி இரவு

சர்ச் சபையில் பெரிய மனிதனாம் ஒருவன். குரல் போன மனைவியை இன்று ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தான். "பனி ஒத்துக்கல டாக்டரம்மா. ஞாயித்துக்கெழம சர்ச்சுல இவதான் பாடணும். ஒரு ஊசி போட்டுடுங்க."

பனிக்குக் கண்வெள்ளையில் இரத்தப் புள்ளி வருமா? கழுத்தில் கட்டைவிரல் தடம் விழுமா? அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு அவளைக் கேட்டேன்.

"கழுத்தப் புடிச்சாருங்க. கண்ணு இருட்டிப்போச்சு. சேலையிலயே ஒண்ணுக்குப் போயிட்டேன், அத மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று கரகரத்தாள். சாவைத் தொட்டுவிட்டு வந்தவளுக்கு அதுதான் வெட்கம்.

தொண்டை வீங்கினால் நாளைக்குக்கூட மூச்சு அடைக்கும், இங்கேயே இருக்கட்டும் என்று அவனிடம் சொன்னேன்.

"அப்ப பாட்டுக்கு யாருங்க?"

"உங்க தொண்டை நல்லாத்தான இருக்கு. நீங்களே பாடுங்க."