பெட்டிக்காரிக்கு ஓர் எசப்பாட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

கடல் கடந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். அண்ணனிடம் போனில் சொல்லியிருந்தேன், உங்களிடமும் சொல்லியிருப்பார். நீங்களும் நானும் போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. எழுதினால் யோசித்துச் சண்டை போடலாம் அல்லவா, அதனால் இந்தக் கடிதம்.

கச்சேரி ஒத்திகை ஒரு பழைய கிடங்கின் மாடியில் நடக்கிறது. மூடாத ஜன்னல் ஒன்றில் அட்டையை மடித்துச் செருகியிருக்கிறார்கள். குழுவில் என்னைச் சேர்த்து மூன்று பேர்தான். பிடில்காரர் வயதானவர். யாரிடமும் பேசாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார், வில்லை எடுத்தால்தான் ஆளே விழித்துக்கொள்வார். மூன்றாவது ஆள் அக்கார்டியன் வாசிக்கிறவள், என் வயதுதான் இருக்கும். அவள் பெயர் என் வாயில் நுழையவில்லை, என் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. பேச்செல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில்தான். நீங்கள் கூப்பிடுவதுபோல அவளும் 'சிட்டு' என்கிறாள். நான் அவளைப் பெட்டிக்காரி என்கிறேன். அந்தப் பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு, அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்வதுபோல இழுத்து இழுத்து விடுகிறாள்.

அவர்கள் பாட்டெல்லாம் மூன்று மூன்றாகச் சுற்றுகிறது. நம் பாட்டு நாலு நாலாக நடக்கிறது. முதல் நாள் முழுக்க முட்டிக்கொண்டோம். மறுநாள் அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பன்னிரண்டில் இரண்டும் ஒரே இடத்தில் கால் வைக்கும் என்று கண்டுபிடித்தாள். குதித்தாள். நானும் குதித்தேன்.

மேடையில் அவள் என் இடப்பக்கம் நிற்கிறாள். மற்றபடி செய்தி ஒன்றும் இல்லை. உங்கள் உடுக்கை நலமா?

உங்கள் அன்பு நாத்தனார்,
சிட்டு


பிப்ரவரி 17

அன்புள்ள சிட்டு,

உன் கடிதம் கிடைத்தது. 'மற்றபடி செய்தி ஒன்றும் இல்லை' என்று முடித்திருக்கிறாய். அவள் உன் இடப்பக்கம் நிற்கிறாள் என்பதுதான் செய்தி, மற்றதெல்லாம் ஒப்புக்கு எழுதியது. அது யார் நிற்கிற இடம் என்று உனக்குத் தெரியும். உன் தோள் என் தோளில் இடிக்கிற இடத்தில்தான் நான் மூச்சு வாங்குவேன். அவளுக்கு எங்கே மூச்சு வாங்க வேண்டுமென்று யார் சொல்லிக்கொடுத்தது?

சலவைக் கடையில் புது இயந்திரம் வந்திருக்கிறது. பிழியும்போது தரையே அதிர்கிறது. என் இஸ்திரி மேஜை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மாலைக்குள் கதவருகே வந்துவிடுகிறது. காலையில் மறுபடி தள்ளி வைக்கிறேன். மேஜைக்குக்கூட வெளியே போகத் தோன்றுகிறது.

உன் அண்ணன் நேற்று சாப்பிடும்போது கேட்டார்: "இது தங்கச்சியப் பிரிஞ்ச கவலையா, இல்ல தங்கச்சி பக்கத்துல வேற ஆளு நிக்கிற கவலையா?" குழம்பில் இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டேன்.

கல்யாணப் பேச்சின்போது உங்கள் வீட்டில் அவர் வாயே திறக்கவில்லை, நீதான் பாடினாய். 'இந்தக் குரலுக்கு எதிரே உட்கார்ந்து பாடலாம்' என்று நினைத்துத்தான் சரி என்றேன். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டது உனக்காக. இதை அவரிடம் சொல்லிவிடாதே, அவருக்கும் தெரியும்.

கச்சேரி அழைப்பில் 'பாடகியும் துணைக்கு வாசிப்பவரும்' என்று போட்டிருந்தார்கள். துணைக்கு. நான் வராததற்கு அது காரணமில்லை. கடையில் லீவு கிடைக்கவில்லை.

உடுக்கை ஆணியில் தொங்குகிறது. தோல் தளர்ந்துவிட்டது.

அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

போன வாரம் அனுப்பிய பாட்டுப் பதிவைக் கேட்டுவிட்டீர்கள் என்று என் போன் காட்டுகிறது. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கோபம் என்று புரிகிறது. எதற்கென்றும் புரிகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் நிகழ்ச்சியில் நம் கதவுப் பாட்டைத் தனியாகத்தான் பாடினேன். "கதவத் தட்டுறது யாரு, காத்தா மழையா நீதானா?" என்று கேட்டுவிட்டு, உங்கள் பதில் வரவேண்டிய இடத்தில் வழக்கம்போல நிறுத்தினேன். அந்த இடத்தில் நான் எப்படி அண்ணி வாயைத் திறப்பேன்? எனக்குப் பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் தைரியம் சொல்வதுபோலக் கை தட்டினார். எனக்கு அவமானமாகிவிட்டது. அடுத்த நிகழ்ச்சியில் பெட்டிக்காரி தானாக அந்த இடத்தில் பெட்டியை இழுத்தாள். நீங்கள் கேட்டது அதுதான். நான் சொல்லி அவள் செய்யவில்லை.

ஏப்ரலில் ஆல்பம் பதிவு தொடங்குகிறது. அந்த இடத்தில் வார்த்தை வேண்டும் என்கிறார்கள். பெட்டிக்காரி தானே பாடுகிறேன் என்கிறாள். உங்கள் பதிலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஆனால் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. எதிராளியின் பங்கை வாயில் எடுக்கக் கூடாது என்பது நீங்கள் போட்ட விதி. இங்கே முயன்று பார்த்தேன், பாதியில் என் வரிக்கே திரும்பிவிடுகிறேன். அதனால் பதிலை நீங்களே எழுதி அனுப்புங்கள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்னொன்று. நான் புறப்படும் முன்பே உங்கள் முதலாளியம்மாவிடம் லீவு பற்றிக் கேட்டிருந்தேன். "தாராளமாப் போயிட்டு வரட்டுமே, நான் என்ன கட்டியா போட்டிருக்கேன்?" என்றார்.

உங்கள்
சிட்டு


மார்ச் 14

அன்புள்ள சிட்டு,

நலம். உன் அண்ணனும் நலம்.

கேட்ட பதில் இதோ:

*காத்துமில்ல மழையுமில்ல, பெட்டி தூக்கி வந்த ஆளு*
*கூப்பிடாத வீட்டுக்குள்ள குந்த எடம் கேக்குறாளாம்.*

எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடு. 'மழை'யில் ஒரு 'ழ' வரும். அதை அவள் எப்படிச் சொன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

லீவு பற்றி முதலாளியம்மாவிடம் கேட்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

இது நம் பதில் இல்லை. நீங்கள் பாடுவது 'காத்திருந்த ஆளு' என்று வரும். கடிதத்தைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, உங்கள்மேல் கோபமும் வந்தது. ஆனாலும் எதிராளி என்ன பதில் சொன்னாலும் அதில் ஒரு சொல்லையும் திருத்தக் கூடாது என்பதும் உங்கள் விதிதான். எனவே அப்படியே சொல்லிக்கொடுத்தேன்.

அவள் எவ்வளவு சிரத்தையாகக் கற்றாள் தெரியுமா? பாத்திரம் கழுவும்போது, படியேறும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது 'கூப்பிடாத வீட்டுக்குள்ள'தான். 'ழ'வும் வந்துவிட்டது. என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை நிகழ்ச்சியில் பாடினாள். மூன்றாவது வரிசையில் நம் பாஷை பேசுகிற குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவள் தன் பெட்டியைத் தானே அணைத்துக்கொண்டு, உருக்கமாகக் கண்ணை மூடி, "பெட்டி தூக்கி வந்த ஆளு" என்றதும் அந்த வீட்டு அம்மா பொத்துக்கொண்டு சிரித்தார். பிறகு குடும்பமே சிரித்தது. மேடையிலிருந்து இறங்கியதும் இவள் என்னை மடக்கிவிட்டாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல, ரொம்ப சரியாச் சொல்லிட்டே. அதான் சிரிச்சாங்க."

"என்ன அர்த்தம்?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன். முகம் ஒரு கணம் சுருங்கிப்போனது. பிறகு பெட்டியின் உறைமேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இத எழுதினது யாரு?"

"என் அண்ணி. அந்த எடத்துல பாடுறவங்க."

"என்மேல இவ்வளவு கோவமா அவங்களுக்கு? பாட்ட நல்லாத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இவ்வளவு கோவம் வரும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்ககிட்டயும் திட்டுப் பாட்டு உண்டு. பதில் சொல்லாம எழுந்து போனா தோத்ததா அர்த்தம். இரு."

பிடில்காரரிடம் தன் பாஷையில் இரண்டு வரி சொல்லிக் காட்டினாள். அவர் ஆரஞ்சுச் சுளையை வாயில் வைத்துக்கொண்டே ஒரு வார்த்தையைத் திருத்தினார். அதை நம் மெட்டில் உட்காரும்படி தமிழாக்கியது மட்டும்தான் நான். கருத்துக்கு நான் பொறுப்பில்லை:

*குந்த எடம் வேணாமடி, நின்னபடி வாசிக்கிறேன்.*
*வந்தவள ஏசிப்புட்டு வாசலில் ஏன் நிக்கிறே?*

உங்கள் விதிப்படி நானும் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

உங்கள்
சிட்டு


ஏப்ரல் 20

சிட்டு, இது உனக்கு இல்லை. அவளுக்குப் படித்துக் காட்டு.

பெட்டிக்காரிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை. 'மரியாதைக்குரிய' என்று எழுத உனக்கு வயதில்லை.

நீ வாசித்ததைக் கேட்டேன். ஒருமுறை கேட்டு மூடிவைக்கத்தான் நினைத்தேன். இஸ்திரி போடும்போது காதில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கும்படி ஆகிவிட்டது. நான் மூச்சு வாங்குகிற அதே இடத்தில் நீயும் வாங்குகிறாய். அதைச் சிட்டு சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று நினைத்து அவள்மேல் எரிச்சலாக இருந்தேன். பிறகு யோசித்தேன். அந்த இடத்தை அவளுக்கே தெரியாது, அவள் அப்போது தன் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருப்பாள். நீயாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் கடை இயந்திரம் பிழியும்போது மூன்றாகச் சுற்றுகிறது, உங்கள் பாட்டு மாதிரி. அதன்மேல் நாலைத் தட்டிப் பார்த்தேன். பன்னிரண்டில் கால் ஒன்றாக விழுந்தது. நான் குதிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் உடுக்கையை இறக்கிக் கயிற்றை இறுக்கினேன். என் வீட்டுக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று.

உன் கேள்விக்குப் பதில்:

*வாசலில நிக்கலடி, வழியத்தான் பாக்குறேன்.*
*ஓசையுள்ள பெட்டியத் தூக்கி ஓரமாப் போ, வாறேன்டி.*

இப்போது நீ சொல். உங்கள் மெட்டில் கடைசி அடி ஏன் மேலே போகிறது? எங்களுடையது கீழே இறங்கித்தான் முடியும். மேலே நின்றால் எனக்குக் கழுத்து வலிக்கிறது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உடுக்கைக்காரி


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் வருவதில் எனக்குச் சந்தோஷம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதப்போவதைப் படித்துவிட்டுச் சந்தோஷமில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு மாதமாக எனக்கென்று உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. உறையில் என் பெயர் இருக்கிறது, உள்ளே முழுக்க 'பெட்டிக்காரிக்கு'. அவள் சொல்வதை நான் தமிழாக்குகிறேன், நீங்கள் சொல்வதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறேன், தபால்தலை வாங்க நான்தான் ஓடுகிறேன். வசையில் தொடங்கினீர்கள் இருவரும். இப்போது கழுத்து வலிக்கு அவள் மருந்து சொல்கிறாள், நீங்கள் அவளுக்குத் துணியில் எண்ணெய்க் கறை போகும் வழி சொல்கிறீர்கள். போன வாரம் நீங்கள் அனுப்பிய உடுக்கைப் பதிவை அவள் என்னை வைத்துக்கொண்டு கேட்கவில்லை, ஜன்னலோரம் தனியாகப் போய்க் கேட்டாள். திரும்பி வந்து, "ஒங்க அண்ணி அந்த எடத்துல வேணும்னே ஒரு அடிய அடிக்காம விடுறாங்க, கவனிச்சியா?" என்றாள். அண்ணி, இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததில்லை.

கதவுப் பாட்டு நம் இருவர் பாட்டு. இப்போது நீங்கள் இருவரும் கேள்வியும் பதிலுமாகப் பாடிக்கொண்டே போகிறீர்கள். முதல் வரியைப் பாடிவிட்டு நான் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. 'தட்டுறது யாரு' என்று முதலில் கேட்டது நான்தான் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

இன்று காலை பதிவு அறையில் அவரவர் நிற்க வேண்டிய இடத்துக்குத் தரையில் நாடா ஒட்டினாள். நீங்கள் வந்தால் என் இடப்பக்கம்தான் நிற்பீர்கள் என்று நான் அங்கே இடம் விட்டு நின்றிருந்தேன். அவள் உங்களுக்கான நாடாவைத் தன் பக்கத்தில் ஒட்டினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சிட்டு, கொஞ்சம் ஓரமாப் போ" என்றாள். உங்கள் வரியில் கற்ற தமிழ். 'ஓரமா'வை உங்களைப் போலவே இழுத்துச் சொன்னாள்.

போனேன். ஆரஞ்சு வாசனை வருகிற பக்கம் நிற்கிறேன்.

டிக்கெட் இத்துடன் இருக்கிறது. புறப்படும் முன் ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள், எனக்கு. வசையாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னும் உங்கள் நாத்தனார்தான்,
சிட்டு