கரும்புக்காட்டில் நீ கொடுத்த குரல்

படவேட்டைச் சேர்ந்த ம. கோதண்டபாணி, பட்டாளத்தில் நீ 'சாபு' என்று அழைத்த ஓய்வுபெற்ற நாயப் சுபேதார் ஆகிய நான் இதை உனக்கு எழுதும் நோக்கம் ஒன்றே. உன் பதினாறாம் நாள் காரியத்தில் உன் மனைவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு விடை சொல்வதா, வேண்டாமா என்பதை உன்னிடமே பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

"அவர் ஒடம்புல மூணு தழும்பு இருந்திச்சி. இன்னா இதுன்னு கேட்டா, மாடு முட்டிச்சின்னுவாரு. எந்த மாட்டுக்குங்க மூணு கொம்பு? நீங்க கூட இருந்தவரு. நீங்களாச்சும் சொல்லுங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்று சொல்லி உங்கள் மலையூரிலிருந்து இறங்கிவிட்டேன். இன்று காலை பக்கத்து வயலில், வெட்டு முடிந்து கிடந்த கரும்புத் தோகையைக் கொளுத்தினார்கள். புகை வீட்டுக்குள் வந்ததும் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினேன். பயனில்லை.

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போர். மேற்கு எல்லையில் பனிமூட்டம் விலகாத ஒரு காலை. கரும்புத் தோட்டத்து வரப்பில் நம் பிளாட்டூன் படுத்திருந்தது. தோட்டத்துக்கு அப்பால் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி. பனியில் அவர்களுக்கு நம்மைத் தெரியாது. ஒலி வந்த திசையில் சுட்டார்கள். எவரும் வாய் திறக்கக் கூடாது என்பது நான் இட்ட கட்டளை. அத்தனை உயிர்களுக்கும் நான் பொறுப்பு.

அதற்குச் சில நாள் முன்பே குண்டுச் சிதறல் உன் இடக்கையைக் கிழித்திருந்தது. மருத்துவமனைக்குப் போக மறுத்து, கட்டோடு திரும்பி வந்திருந்தாய்.

"ஒத்தக் கைய வச்சிகினு இன்னாடா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"மலையில ஒத்தக் கையாலதான் சாபு ஏர் புடிக்கிறோம். இன்னொரு கை மாட்ட அதட்டறதுக்கு. இங்க அதட்டறதுக்குத்தான் நீங்க கீறீங்களே."

பிறகு தோட்டத்துக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. வேவு பார்க்கச் சென்ற நம் கன்னியாகுமரிக்காரன் காலில் குண்டு பட்டுக் கிடந்தான். "யாராவது இருக்கீங்களா?" என்றான். குரல் வந்த பக்கம் சுட்டார்கள். அவன் மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும் சுட்டார்கள். இம்முறை குறி நெருங்கியிருந்தது.

நீ அசைந்தாய். உன் இடைவாரைப் பிடித்தேன்.

"எங்க மலையில சாமைக் கொல்லைக்குக் காவல் போனா, ஒருத்தன் குரல் குடுத்தா கேட்டவன் திருப்பிக் குடுத்தே ஆவணும் சாபு," என்று என் காதருகில் சொன்னாய். "பதில் வர்ற வரைக்கும் இவன் கூப்புட்டுகினேதான் இருப்பான். வந்துட்டா வாய மூடிப்பான்."

"இது கட்டளை."

"கட்டளதான். நான் இல்லன்னா சொன்னேன்?"

என் கையை விலக்கினாய். மற்றவர்கள்மேல் குண்டு விழாதபடி வரப்பை விட்டு வெகுதூரம் தவழ்ந்துபோய், எழுந்து நின்று, மலைச்சரிவில் கொடுக்கும் அந்த நீண்ட குரலைக் கொடுத்தாய். தோட்டா உன் தோளைத் துளைத்தது. அவன் கூப்பிடுவது நின்றது.

அதன்பின் நீ கரும்புக்குள் புகுந்தாய். தோகைகள் உரசும் ஒலி மட்டுமே எனக்குக் கேட்டது. ஒவ்வோர் உரசலுக்கும் அவர்கள் சுட்டார்கள். தீக்குண்டு பட்டு, அடியில் காய்ந்திருந்த தோகையோடு தோட்டம் பற்றிக்கொண்டது. உரசலும் நின்றுபோயிற்று. இறந்தோர் பட்டியலில் உன்னைச் சேர்க்க மனத்தைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, புகையிலிருந்து அவனை முதுகில் சுமந்து நீ வந்தாய். தொடையில் மூன்றாவது காயம். வரப்பில் வேறு எவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

விசாரித்த அதிகாரியிடம் நான் இரண்டையும் சொன்னேன்: கட்டளையை மீறினாய், ஓர் உயிரைக் காத்தாய். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது என்று அவர் முடித்தார். தண்டனையும் இல்லை, பதக்கமும் இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் இதை உன்னிடம் தெரிவித்தேன்.

"நடந்ததத்தான சொன்னீங்க," என்றாய். பிறகு, "ஊர்ல மட்டும் சொல்லாதீங்க சாபு. கேட்டுட்டு அத்தன பேரும் பட்டாளத்துக்குக் கெளம்பிடுவானுங்க. வூட்டுலயும் சொல்லாதீங்க. அவ தெனம் அழுவா."

வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன். ஆண்டுதோறும் மலைக்கு வந்தேன். காலை இழுத்து இழுத்து நீ ஏர் ஓட்டுவதைப் பார்த்தேன். உன் மனைவி களியும் கீரையும் வைப்பாள். பேச்சு போரை நெருங்கினால் புளி உலுக்கப் போகவேண்டும் என்று எழுந்துவிடுவாய். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தட்டைப் பார்ப்பேன்.

இப்போது அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். வாக்கு என்பது எனக்குச் சிறிய விஷயமன்று என்பதை நீ அறிவாய். ஆனால் பதில் வராதவரை கேட்பவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார் என்று என் காதில் சொன்னவனும் நீதான். அந்தச் சொல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே நாளை போளூரில் முதல் பேருந்தைப் பிடித்து மலைக்கு வருவேன். உன் மனைவியை எதிரில் உட்காரவைத்து, கையில் தொடங்கித் தொடை வரைக்கும் மூன்றையும் சொல்வேன். நீ கட்டளையை மீறியதையும் விடாமல் சொல்வேன். அவள் அழுதால், அழுது முடிக்கும்வரை இருப்பேன். உனக்கு நான் கொடுத்த வாக்கை, உனக்கு முறைப்படி அறிவித்துவிட்டே மீறுகிறேன்.