வான் கதவும் மீனம்மா அக்காவும்

யூலை 11
புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் என் படம் — வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தது வீண்போகவில்லை. கீழே ‘இயற்கைக் கவிஞர் பரமேஸ்வரன்’. மனைவி விமலேஸ்வரி பார்த்துவிட்டு, “இயற்கை எண்டா, சாணி அள்ளுறதும் அதுக்குள்ள வருமோ?” என்றாள்.

யூலை 12
யோகலிங்கம் சேர் எழுதிய முன்னுரையை இன்றுதான் வாசித்தேன். என் கவிதை இது:

வான் கதவு திறந்தது
மீனம்மா போனாள்
வயலில் ஒரு கொக்கு.

போன மார்கழி மழையில் இரணைமடுக் குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீரை வெளியே விடுகிற வான் கதவுகளைத் திறந்தார்கள். ஆற்றோரம் பக்கத்து வயல்காரி, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய மீனம்மா அக்காவின் பயிர் தண்ணீருக்குள். ஆடுகளையும் பிடித்துக்கொண்டு ஓமந்தையில் மகள் வீட்டுக்குப் போனா. அவ்வளவுதான். சேர் எழுதியிருக்கிறார்: ‘சொர்க்கத்தின் கதவு திறந்து ஓர் ஏழைத் தாயின் உயிர் பிரியும் கணம்.’

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவருக்குக் குளத்து வான் எங்கே தெரியும்? அவருக்கு வான் என்றால் ஆகாயம். உயிரோடு இருக்கிற மனுசியை இரண்டு பேருமாகக் கொன்றுவிட்டோம்.

யூலை 13
சொல்லிவிடலாம் என்று போன் எடுத்தேன். சேர் முந்திக்கொண்டார். “பரமேஸ், நான் கையெழுத்துப் பிரதி அனுப்பின இலக்கியப் பரிசுக் குழு அந்த மீனம்மாவிலதான் மயங்கிப் போயிருக்கு. நானும் அழுதனான்.”
ஓம் சேர் என்றேன். இரண்டு தரம்.

யூலை 20
ஊர்க்கதை எல்லாம் முதலில் என் வாயால்தான் வெளிவரும். இது மட்டும் வரமாட்டேன் என்கிறது. வரம்பில் மேலும் கீழும் நடக்கிறேன். இதற்குள் விமலேஸ்வரி முன்னுரையை வாசிக்காமலே ஓமந்தைக்குப் போன் பண்ணி, அக்காவை வெளியீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

ஓகஸ்ட் 3
முன்வரிசைக் கதிரையில் அக்கா, பக்கத்தில் நான். சேர் பேசினார், கண் கலங்கினார், கவிதையின் தாய்க்கு ஒரு நிமிட மௌனம் கேட்டார். எல்லோரும் எழும்பினோம். அக்காவும் கைகட்டித் தலைகுனிந்து நின்றா.
“யாரு தம்பி செத்தது?” மெதுவாகக் கேட்டா.
“நீங்கள்தான் அக்கா.”
என்னை ஏற இறங்கப் பார்த்தா. “எப்ப?”

அதற்குமேல் தாங்கவில்லை. மைக்கைப் பிடித்து, வான் எந்த வான், மீனம்மா யார் என்று சொல்லிவிட்டேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. பரிசுக் குழு தேநீருக்கு முன்பே போய்விட்டது.

வாசலில் பார்த்தால் அக்காவும் சிரிக்கவில்லை. “செத்தேன்னாக்கூடப் பரவாயில்ல தம்பி. வயல வுட்டுட்டுப் போய்ட்டேன்னு எழுதிட்டீங்களே.”

ஓகஸ்ட் 4
பரிசு இல்லை. சேர் போன் எடுக்கிறாரில்லை. அதெல்லாம் போகட்டும் — அக்கா சொன்னதுதான் குடையுது. அண்டைக்கு அக்கா ஆடுகளோட போகேக்க, திரும்பி வருவியளோ எண்டு ஒரு வார்த்தை கேட்டனானோ? இல்லை. நான் கொக்கைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.

ஒக்ரோபர் 9
காலையில் அக்காவின் வயலில் உழவு மெசின் சத்தம். ஓடிப்போய் வரம்பில் நின்று கொப்பியை விரித்தேன். “அத வச்சிட்டு இந்த விதநெல்லு மூட்டைய ஒரு பக்கம் புடிங்க தம்பி” என்றா. பிடித்தேன். ஆறு மூட்டை. இடுப்பு விட்டுப்போச்சு. கவிதை ஒன்றும் எழுதவில்லை.