எந்தப் பாலும் ஆகாது

ஜனவரி 6
செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. பையன் நேற்றுப் பிறந்தான். முதல் குழந்தை எப்படி இறந்தது என்று டாக்டரம்மா கேட்டார். மஞ்சள் பூத்து, பாலைக் கக்கிக் கக்கி, மாதம் திரும்புவதற்குள் போய்விட்டாள் என்றேன். என் புருஷன் ஸ்டான்லி தாய்மாமன் மகன்தான் என்றதும், குதிகாலில் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனை செய்துவிடலாம் என்றார்.

மாமியார் ரெபேக்காள் அத்தை சண்டைக்கு வந்துவிட்டார். "பொறந்த புள்ளைய குத்தி இன்னா பாக்கப் போறீங்க? ரத்தத்துல சீக்குன்னு வெளிய தெரிஞ்சா சுஷ்மிதாவ எவன் கட்டுவான்?" சுஷ்மிதா என் நாத்தனார். வரன் பார்க்கிறார்கள்.

ஸ்டான்லி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவருக்கா பிள்ளை பிறந்திருக்கிறது?

ஜனவரி 7
அத்தை டீ வாங்கப் போனபோது ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 12
கோவளம், வீடு. பிள்ளையின் கண் மஞ்சள். கர்த்தரே, மறுபடியுமா?

ஜனவரி 13
ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். ஓடினோம். பாலில் உள்ள சர்க்கரை இவன் உடம்பில் விஷமாகிறதாம். கோளாறு என்னிடமிருந்து பாதி, ஸ்டான்லியிடமிருந்து பாதி. தாய்ப்பாலை அடியோடு நிறுத்தி, இனி வெந்நீரில் கலக்கிக் கொடுக்கும் டப்பா சோயா மாவுதான்.

அப்படியென்றால் மூத்தவள்? கக்கக் கக்க மறுபடி மறுபடி ஊட்டினேனே. பசின்னு நெனச்சேனே— ஐயோ, என் மகளே.

ஜனவரி 21
பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு உயிர் போகிறது. தெருவில், "ஜெனிட்டா பாலு கெட்டுப்போச்சாம்" என்று பேச்சு. பரப்பியது அத்தைதான். ரத்தம் என்று சொல்வதைவிட என் பால் என்று சொல்வது அவருக்குச் சுலபம்.

ஜனவரி 25
மறுபடியும் கக்குகிறான். மாவு கலக்கியதில் தப்பா? தண்ணீரா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜனவரி 26
குளித்துவிட்டு வந்தால் பிள்ளையைக் காணோம். அடுப்படியில் பக்கத்து வீட்டுப் பொன்னி அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பிடுங்கினேன்.

"உன் பாலுதானே ஆவாது? இவ பாலு நல்ல பாலுமா. நாலு நாளா நான்தான் குடுக்க சொன்னேன்" என்றார் அத்தை. அந்த முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் வயிற்றை எரிக்கிறது.

"எந்தப் பாலும் ஆவாது அத்த! உங்க புள்ள ரத்தமும் என் ரத்தமும் சேந்ததுதான் சீக்கு!"

தெருவுக்குக் கேட்டுவிடும் என்று அவர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை.

ஜனவரி 27
ஐ.சி.யூ. வாசல். அத்தை தரையில் உட்கார்ந்திருக்கிறார். நான் அவரோடு பேசவில்லை. பேசவே மாட்டேன்.

ஜனவரி 31
கண் திறந்தான்.

ஏப்ரல் 27
ஞானஸ்நானம். சுஷ்மிதாவுக்குப் பேசியிருக்கும் படாளம் ஊர் மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பால் பாயசத்தை விரலில் தொட்டுக்கொண்டு ஆசையாகப் பிள்ளையின் வாயருகே வந்தார். நான் எழுவதற்குள் அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"வெக்காதீங்க. எங்க வூட்டு ரத்தத்துலயே கீதுமா அந்த சீக்கு. பாலு பட்டா புள்ள செத்துடும்."

அவர்கள் சாப்பிடாமல் கிளம்பினார்கள். சுஷ்மிதா உள்ளே போய்விட்டாள். அத்தை வாசல் பக்கம் திரும்பவேயில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "மாவு கலக்கிக் குடு, பசிக்குது அவனுக்கு" என்றார்.