சுவிட்ச் போர்டுக்குக் கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்

அனுப்புநர்:
தீயணைப்பு நிலைய அலுவலராக முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி மறைந்தவரின் மனைவி,
வயது எழுபத்தாறு,
கிளை நூலக உறுப்பினர் எண் 417.

பெறுநர்:
உயர்திரு நூலக ஆணையர் அவர்கள்,
ஆணையர் அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: தீ இடம்பெறுகிறது என்ற காரணத்தால் அடுக்குகளிலிருந்து நீக்கப்பட்ட, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்குமான 312 நூல்களைத் திரும்ப வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் நான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு, எங்கள் கிளை நூலகத்தின் பின்னறையில் உள்ள சுவிட்ச் போர்டில் பொறி கிளம்பிப் புகைந்தது. உதவியாளர் மெயினை அணைத்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. செய்தித்தாள் மேசையில் இருந்த இருவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

2. என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தங்கள் அலுவலகம் கேட்டு எழுதியது. போர்டை மாற்றக் கட்டடப் பிரிவின் அனுமதி வேண்டும். அதற்கு ஆறு மாதம் ஆகும். புத்தகங்களை நீக்க ஒரு கையெழுத்து போதும். ஆகவே நூலகக் குழு கூடி, தீ வரும் நூல்களையெல்லாம் அடுக்கிலிருந்து எடுப்பது என்று தீர்மானித்து, அதையே தீத்தடுப்பு நடவடிக்கை என்று தங்களுக்குப் பதிலும் அனுப்பிவிட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். மூட்டைப்பூச்சியை அப்படியே விட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த வீட்டுப் படத்தைக் கழற்றி வைத்தவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

3. ஒன்பதாயிரம் நூல்களைப் படித்துப் பார்க்க இரண்டு ஊழியர்களால் முடியாது. ஆகவே அட்டைப் படத்தையும் பொருளடக்கத்தையும் பார்த்துச் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். ரொட்டி சுடும் முறை பற்றிய நூல், கலங்கரை விளக்கக் காவலரின் கதை, எரிமலைகள், சூரியன், மட்பாண்டச் சூளை என எல்லாவற்றுக்கும் சிவப்புத் தாள். தீக்காயத்துக்கு முதலுதவி என்ற நூலுக்கு இரண்டு தாள். அட்டையில் பாய்மரப் படகு போட்ட நாவல் ஒன்று மட்டும் பத்திரமாக அடுக்கிலேயே இருக்கிறது. அதன் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு துறைமுகமே எரிந்து சாம்பலாகிறது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காட்டிக்கொடுப்பது என் வழக்கமல்ல. கான்வென்ட்டில் எங்களுக்குப் பாடம் நடத்திய சகோதரிகள், படிக்காத புத்தகத்தைப் பற்றி வாய் திறப்பவளை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார்கள். எங்கள் நூலகத்தில் அவளுக்குக் குழுவில் இடம் கிடைத்திருக்கும்.

4. நான் படித்துக்கொண்டிருந்த நாவலையும் என் கையிலிருந்தே வாங்கிப் போனார்கள். பக்கம் 212. பஞ்சாலைக்குத் தீ வைத்தது மேலாளரா அவர் மைத்துனரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது என் சொந்தக் குறை. அதற்காக நான் மனு எழுதுகிறவள் அல்ல.

5. எங்கள் தெருவில் ஒரு சலவைத் தொழிலாளி இருக்கிறார். அவர் மகளுக்கு எட்டு வயது. சென்ற மழைக்காலத்தில் அவர்கள் வீடு எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அந்தச் சிறுமிக்கு இடது கை முழங்கை வரை வெந்து ஆறியிருக்கிறது. பதினொரு சனிக்கிழமைகளாக அவள் நூலகத்துக்கு வந்து, கீழ் அடுக்கிலிருந்து ஒரே படக்கதையை எடுத்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புவாள் என்பதால் எனக்கு அவள் மீது நல்லெண்ணம் எதுவும் இருக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

6. அந்தக் கதையில் ஒரு சிறுவனின் வீடு எரிகிறது. பதினைந்தாம் பக்கம் முழுவதும் நெருப்பு. அந்தப் பக்கம் வந்ததும் சிறுமி புத்தகத்தை மூடிவிடுவாள். பதினொரு முறையும் அப்படித்தான். சென்ற ஏழாம் தேதி, பொறுமையிழந்து, மீதியை ஏன் படிப்பதில்லை என்று கேட்டேன். "அந்தப் பையன் ஃபேனை நிறுத்த மறந்துட்டான். அவனை எல்லாரும் திட்டப்போறாங்க," என்றாள். பிறகு, "அடுத்த வாரம் திருப்பிப் பாக்கறேன் பாட்டி. இன்னைக்கு வேணாம்," என்றாள். அடுத்த வாரம் வந்தபோது கீழ் அடுக்கு காலி.

7. நூலகரிடம் கேட்டேன். அவர் நல்லவர், முதுகெலும்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. "என்னம்மா செய்யறது, மேலிடத்து உத்தரவு. சின்னப் பிள்ளைங்க பயந்துடும்ல," என்றார். பயப்பட வேண்டியதை வீட்டிலேயே பார்த்து முடித்த பிள்ளை எதிரே நிற்கிறாள் என்றேன். "அப்ப அதுக்குத்தான் முக்கியமா காட்டக் கூடாதும்மா. வேற புக்கு எடுத்துக்கட்டும், முயல் கதை நெறைய இருக்கு," என்றார். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பது எழுத்தறியாதவர்களுக்கும் தெரியும். ஒரு நூலகத்துக்குத் தெரியவில்லை.

8. நீக்கிய 312 நூல்களும் எங்கே இருக்கின்றன என்று தங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பின்னறையில், அதே சுவிட்ச் போர்டுக்குக் கீழே, பின்கதவை மறித்து, தோள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். போர்டில் இன்னும் கரி இருக்கிறது. பக்கத்தில் தொங்கும் தீயணைப்புக் கருவி காலாவதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உள்ளே இருப்பது மருந்தா வெறும் நம்பிக்கையா என்று தெரியவில்லை. காய்ந்த காகிதம், மூடிய அறை, பழுதான மின்சாரம் மூன்றையும் ஒரே இடத்தில் கண்டால் என் கணவர் வண்டியை முதலிலேயே வரச் சொல்லிவிடுவார். நூலகத்தில் தீப்பிடிக்க நாளது வரை இருந்த ஒரே தடை, போர்டுக்குக் கீழே எரிய எதுவும் இல்லாதது. தீத்தடுப்பு நடவடிக்கையால் அந்தக் குறையும் நீங்கியது. இம்மாதம் முப்பதாம் தேதி இவை பழைய காகிதமாக அரவைக்குப் போகின்றனவாம். அதுவரை போர்டு பொறுமையாக இருக்க வேண்டும்.

9. ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்று, திங்கட்கிழமை, ஊழியர்கள் இருவரும் தேநீருக்குப் போயிருந்தபோது, பின்னறைக்குள் நுழைந்து அந்தப் படக்கதையை என் கைப்பையில் போட்டு வந்துவிட்டேன். அறை பூட்டப்படவில்லை. பூட்டியிருந்தாலும் யோசித்திருப்பேன் என்று உறுதி கூற முடியாது.

10. மாலை நான்கு மணிக்கு என் வீட்டில் அந்தச் சிறுமி பதினாறாம் பக்கத்துக்குத் திருப்பினாள். அதில் தீயணைப்பு வீரர் ஒருவர் கூரைக்குள்ளிருந்து கருகிய வயரை எடுத்துச் சிறுவனிடம் காட்டுகிறார். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "எங்க வீட்டுலயும் வயரா? நான் பின்ரூம்ல லைட்டை அணைக்கலையே," என்றாள். மழைத்தண்ணீர் இறங்கிய பழைய வயர்தான் காரணம் என்று தீயணைப்பு நிலையம் அப்போதே எழுதிக்கொடுத்துவிட்டது. அவள் அம்மாவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும், எனக்கும் தெரியும். அவளிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நூலகக் குழுவைப் பற்றி நான் எழுதியவற்றில் ஒரு பங்கை எனக்கும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் வயர்தான், விளக்கை அணைக்க மறந்தவர்கள் வீடெல்லாம் எரியும் என்றால் இந்த நகரில் ஒரு வீடும் மிஞ்சியிருக்காது என்று அவளிடம் சொன்னேன். "அப்ப அம்மாகிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டணும்," என்றாள். திருட்டுப் பொருளைக் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, புத்தகங்களைப் போர்டுக்குக் கீழிருந்து இன்றே எடுக்கவும், சிவப்புத் தாள்களைக் கிழித்து அவற்றை அடுக்கில் வைக்கவும், முப்பதாம் தேதி அரவை வண்டியை நிறுத்தவும், போர்டை மாற்றவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அந்தப் படக்கதையை நூலகத்தில் ஒப்படைப்பேன். எனக்கு அடுத்து வரிசையில் அந்தச் சிறுமி தன் உறுப்பினர் அட்டையோடு நிற்பாள். வீட்டுக்கு எடுத்துச் செல்ல அதையே கேட்பாள். கூடாது என்று அவளிடம் சொல்லப்போகிறவர் யார் என்பதை முன்கூட்டித் தெரிவித்தால், அவருக்கு எதிரே என் நாற்காலியைப் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கும்.

தங்கள் பதவிக்குரிய மரியாதையுடன்,

(கையொப்பம்)
உறுப்பினர் எண் 417

நாள்: பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை
இடம்: தங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து வரும் தூரம்