படிவத்தில் எழுதாத நோவு

வெள்ளக்கடை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஷீனா அக்காவுக்கு, அபிஷா எழுதுவது. நீயும் ஜெப்சன் மாமாவும் பாப்பாவும் நல்ல சுகத்தோடு இருக்க மாதா துணை செய்யட்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மேடு ஏறி வரும்போது அப்பா ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்றார். மிளகு எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்க்கிறேன் என்றார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்று அதையே சொன்னார். அந்த மரத்தில் மிளகுக் கொடியே இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் பார்க்காதது போல முன்னால் நடந்துவிட்டேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு, பாப்பா சிணுங்குவதை லைன் வீடுகள் முழுக்கக் கேட்க வைக்கிறார். அதற்கு நடுவில் நான் என்ன பேசுவது? பென்னி அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை உங்கள் சார்ஜாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே காப்பிப் பழம் பழுக்க ஆரம்பித்துவிட்டது. பறிக்கத்தான் ஆள் இல்லை. இருந்தாலும் உன்னிடம் வருவதற்காக எஸ்டேட் ரைட்டர் அப்பாவுக்கு ஒரு மாதம் லீவு தந்துவிட்டார். பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு என்று அப்பா தானே கடைக்குப் போய் ஒரு கவுன் எடுத்து வந்திருக்கிறார். மஞ்சள் நிறம். வெள்ளைதான் போடுவார்கள் என்று சொன்னேன். "அங்க போய்ப் பாத்துக்கலாம் கண்ணு" என்று பெட்டியின் மேலாக வைத்துக்கொண்டார்.

பெட்டியில் வைப்பதற்காக அவருடைய ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு சின்ன மாத்திரைக் கவர் இருந்தது. நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் ஒன்று என்று மருந்துக் கடைக்காரர் பேனாவால் எழுதியிருந்தார். கூடவே டாக்டர் சீட்டு. பாஸ்போர்ட் வேலை என்று சொல்லி அப்பா சேலம் போன அதே தேதி. இரண்டையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை ஏற்காட்டு பஜாருக்கு, டிக்கெட் போட்டுத் தந்த செங்கோடன் அண்ணன் கடைக்கு, இரண்டு பேரும் போனோம். பயணக் காப்பீடு எடுத்தாச்சுங்களா என்று அவர் கேட்டதும், அப்பா சட்டைப்பையிலிருந்து நம் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பாஸ்போர்ட்டோடு அதையும் பத்திரமாக எடுத்துவைத்திருந்தார், பாவம். செங்கோடன் அண்ணன் சிரித்துவிட்டார். "ஏனுங்க, இதை அங்க காட்டுனா, இதுல இருக்கற உங்க ஊட்டு ஆளுங்க போட்டோ நல்லா இருக்குதுன்னு சொல்லித் திருப்பிக் குடுப்பாங்க" என்றார். அங்கே போய் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாலும் மருமகன்தான் அத்தனையும் கட்ட வேண்டும், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தக் குடும்பம் எழுந்திருக்க வருஷமாகும் என்றார். அப்பா முகம் மாறிவிட்டது. சரி, ஒன்று போட்டு வையுங்கள் என்றார்.

படிவத்தில் ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்று ஒரு கேள்வி. "கல்லாட்டம் இருக்கறனுங்க" என்றார் அப்பா. செங்கோடன் அண்ணன் உடனே எழுதவில்லை. "நொம்பப் பேரு இதுலதானுங்க ஏமாந்து போறாங்க" என்றார். இருப்பதைச் சொன்னால் பணம் கொஞ்சம் கூடும். அந்த நோயாலேயே உயிருக்கு ஆபத்து என்றால் செலவை ஏற்கிற பாலிசி இருக்கிறது. மறைத்தால் கட்டிய பணமும் வீண், ஆபத்துக்கும் உதவாது என்று பொறுமையாகச் சொன்னார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. இல்லைன்னே எழுதுங்க என்றார். நான் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். என் வாய் திறக்கவில்லை அக்கா.

அம்மா இருமியபோது ரத்தம் வந்ததை முதலில் பார்த்ததும் நான்தான். யாருகிட்டயும் சொல்லாத சாமி என்றாள். நான்கு மாதம் சொல்லவில்லை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டாள் என்று என்னை எல்லாரும் பெருமையாகப் பேசுகிறார்கள். அந்த நான்கு மாதம் யாருக்கும் தெரியாது. உனக்கும் இப்போதுதான் தெரியும்.

அப்பா கிளம்பிவிட்டால் வீட்டில் நான் மட்டும்தான். பனி இறங்கினால் எதிர் வீட்டு விளக்குகூடத் தெரிவதில்லை. துணைக்கு வரட்டுமா என்று அத்தாயி பெரியம்மா கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வந்தால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன். அந்த மாத்திரைக் கவரைப் பார்த்தபோது, இனி அப்பா போகமாட்டார் என்று ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அதற்கு என்னை மன்னித்துவிடு. அவரைத் தடுப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

சனிக்கிழமைதான் காப்பீட்டுக்குப் பணம் கட்டப் போகிறோம், திங்கள் விமானம். அதற்குள் படிவத்தை மாற்றிவிடலாம். போனில் கூப்பிட்டு, உள்ளதைச் சொல்லிக் காப்பீடு எடுங்கள், டாக்டர் சீட்டையும் கொண்டுவாருங்கள் என்று அப்பாவிடம் சொல். நீ வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில்தான் அவர் மறைக்கிறார். வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே அக்கா. பாப்பாவை ஒரு தடவை அவர் மடியில் போட்டுவிடு.

உன் தங்கை,
அபிஷா.

புதன், மதியம். பென்னி அண்ணன் சாயங்காலம் வாங்கிப்போக வருகிறார். கவரை இன்னும் ஒட்டவில்லை. அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லி, இதை முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டினேன்.